சிறிய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்கு ரெக்டிஃபையர் வால்வு: வோல்ட்டிலிருந்து தொடங்குங்கள்

ஃபெண்டர் சாம்ப் வகையைச் சேர்ந்த 5 வாட் ஆம்ப்ளிஃபையரின் பின்பலகையைக் கழற்றினால் மூன்றே வால்வுகள் தெரியும். ஒன்று ஒலியை முதலில் பெருக்கும் 12ஏஎக்ஸ்7, இன்னொன்று வெளியீட்டு வால்வான 6வி6, மூன்றாவது ரெக்டிஃபையர் வால்வான 5ஒய்3. கிட்டாரின் ஒலி முதல் இரண்டின் வழியாகத்தான் போகிறது. மூன்றாவதன் வழியாக ஒரு சுரம்கூடப் போவதில்லை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக்கி மற்ற இரண்டுக்கும் ஊட்டுவது மட்டுமே அதன் வேலை. ஆனாலும் கிட்டார் வாசிப்பவர்களிடையே அதிகம் பேசப்படுவது இந்த மூன்றாவது வால்வுதான். 5ஒய்3 என்றால் கனிவு, அதே வேலையைச் செய்யும் ஜிஇசட்34 வால்வு என்றால் இறுக்கம், சிலிக்கான் டயோடு என்றால் உயிரற்ற ஒலி என்று மூன்று வரிகளில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள்.

அந்த மூன்று வரிகளை நம்பிப் பணம் செலவழித்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் 6வி6 வால்வின் தகட்டை, அதாவது எலக்ட்ரான்கள் வந்து சேரும் ஆனோடை, சிவக்கச் சிவக்கச் சுட்டுவிட்டு, ஏன் இப்படி ஆனது என்று தெரியாமல் நின்றார்கள். குறைந்த திறனுள்ள ஆம்ப்ளிஃபையரில் ரெக்டிஃபையரை மாற்றுவது முதலில் வோல்ட் பற்றிய முடிவு. ஒலி அதன் பின்னால் வருகிறது. வோல்ட்டைச் சரியாகக் கணக்கிட்டவருக்கு ஒலியில் என்ன மாறும் என்பதும் முன்கூட்டியே பெருமளவு தெரிந்துவிடும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில்தான் போகிறது.

கை வைப்பதற்கு முன்

இந்தக் கருவிகளுக்குள் 350 முதல் 460 வோல்ட் வரை நேர்மின்சாரம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். 100 கிலோ ஓம், 3 வாட் மின்தடை ஒன்றின் இரு முனைகளிலும் காப்புள்ள கிளிப்புகளைப் பொருத்தி வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கியதும் ரெக்டிஃபையரை அடுத்துள்ள முதல் மின்தேக்கியின் நேர்முனைக்கும் சேஸிஸ் எனப்படும் உலோக அடித்தளத்துக்கும் இடையில் அதை மாட்டி, அரை நிமிடம் விடுங்கள். பிறகு மீட்டரால் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே விரலை உள்ளே விடுங்கள். மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டியிருந்தால், மீட்டரின் கறுப்பு முனையைச் சேஸிஸில் கிளிப் போட்டுவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரே கையால் பிடியுங்கள். மற்றக் கை எதையும் தொடக் கூடாது.

பலர் கவனிக்காத ஒன்று: ரெக்டிஃபையர் வால்வைச் சூடாக்க டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் கம்பிச்சுருளுக்கு 5 வோல்ட் சூடேற்றிச் சுற்று என்று பெயர்தான் சிறியது. ரெக்டிஃபையரின் சூடேற்றி, உயர் வோல்ட் வெளியேறும் முனையோடு சேர்ந்தே இருப்பதால், அந்த மஞ்சள் கம்பிகள் இரண்டும் சேஸிஸைப் பொறுத்து 350 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். 5 வோல்ட்தானே என்று தொட்டுவிடாதீர்கள்.

மின்சாரக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்பு ஒன்றைச் செய்துகொள்வது நல்லது. 40 அல்லது 60 வாட் குண்டு பல்பை ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் தொடராக மாட்டினால், எங்காவது குறுக்குச்சுற்று இருக்கும்போது பல்பு பளிச்சென்று எரியும், டிரான்ஸ்ஃபார்மர் தப்பித்துக்கொள்ளும்.

முதல் படி: உங்கள் கருவி ஒற்றையா, இரட்டையா?

வெளியீட்டு வால்வு ஒன்றே ஒன்றா, இரண்டா என்று முதலில் பாருங்கள். இது அடிப்படையான கேள்வி. பெரும்பாலோர் இதைக் கேட்காமலேயே கடைக்குப் போய்விடுகிறார்கள்.

ரெக்டிஃபையர் வால்வைப் பற்றிய பேச்சில் திரும்பத் திரும்ப வரும் சொல் தொய்வு. பலமாக ஒரு நாண்கூட்டை மீட்டும்போது வெளியீட்டு வால்வுகள் திடீரென அதிக மின்னோட்டம் கேட்கின்றன. ரெக்டிஃபையரின் உள்தடை அதிகமாக இருந்தால் வோல்ட் சற்றே கீழே விழுகிறது. சுரத்தின் தொடக்கம் அமுங்கி, அடுத்த கணம் மேலே எழும்பி வருவதுபோல் கேட்கிறது. விரலுக்குக் கீழே ஆம்ப்ளிஃபையர் வளைந்து கொடுக்கும் அந்த உணர்வு அருமையானது. அதை விரும்புபவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் தொய்வு வருவதற்கு மின்னோட்டம் மாற வேண்டும். சாம்ப் போன்ற ஒற்றை வால்வுக் கருவி ஏ வகுப்பில் இயங்குகிறது. வாசிக்காமல் சும்மா இருக்கும்போது 40 மில்லிஆம்பியர் எடுத்தால், உச்சத்தில் வாசிக்கும்போதும் சராசரியாக அதே அளவைத்தான் எடுக்கும். மின்னோட்டம் மாறாத இடத்தில் தொய்வு எங்கிருந்து வரும்? 5 வாட் சாம்பில் நீங்கள் ரசிக்கும் அமுக்கம், 6வி6 எல்லை மீறி ஓட்டப்படுவதாலும், சிறிய வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் திணறுவதாலும், 8 அங்குல ஒலிபெருக்கியாலும் வருவது. அதில் 5ஒய்3 வால்வின் பங்கு மிகச் சிறியது.

இரண்டு 6வி6 எதிரெதிராக இயங்கும் டீலக்ஸ் 5இ3 போன்ற கருவியில் நிலைமை வேறு. அதில் மின்னோட்டம் ஓரளவு ஏறி இறங்கும். எலக்ட்ரான்களை உமிழும் முனையான கேத்தோடில் மின்தடை வைக்காமல் நிலையான எதிர்மின்னழுத்தம் கொடுக்கும் டீலக்ஸ் ரிவர்ப் போன்ற ஏபி வகுப்புக் கருவியில் ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். ஆக, தொய்வைத் தேடி ரெக்டிஃபையரை மாற்றுபவர் இரட்டை வால்வுக் கருவி வைத்திருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. ஒற்றை வால்வுக் கருவி வைத்திருப்பவர் வோல்ட்டை மட்டுமே மாற்றுகிறார்.

இரண்டாம் படி: டிரான்ஸ்ஃபார்மரிடம் கேளுங்கள்

எந்த வால்வைப் போடலாம் என்பதை முடிவு செய்வது உங்கள் விருப்பம் அல்ல, மின்சார டிரான்ஸ்ஃபார்மர். அதிலிருந்து நான்கு விவரங்கள் வேண்டும்.

சூடேற்றிச் சுற்று எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பது முதலாவது. 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் 2 ஆம்பியர் கேட்கும் 5ஒய்3, 5வி4, 1.9 ஆம்பியர் கேட்கும் ஜிஇசட்34 ஆகியவை பொருந்தும். 5யு4ஜிபி 3 ஆம்பியர் கேட்கிறது. அதன் ஆக்டல் (எட்டு முனைகளுக்கான) அடிப்பாகம் அதே சாக்கெட்டில் அழகாக உட்கார்ந்துவிடும். முனைகளின் வரிசையும் ஒன்றுதான். ஒலியும் வரும். ஒரு மணி நேரம் கழித்து டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். சாக்கெட்டில் பொருந்துகிறது என்பது அனுமதி ஆகாது.

இரண்டாவது, உயர் வோல்ட் சுற்று. இருபுறமும் 325 வோல்ட் கொண்ட 325-0-325 சுற்று சாம்ப், டீலக்ஸ் வகைகளில் வழக்கமானது. 325ஐ 1.414ஆல் பெருக்கினால் 460. சுமையே இல்லாதபோது மின்தேக்கியில் ஏறக்கூடிய உச்ச வோல்ட் இது. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது, அந்தச் சுற்று எத்தனை மில்லிஆம்பியர் தரும் என்பது. வால்வு 250 மில்லிஆம்பியர் தாங்கும் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் அவ்வளவு தந்துவிடாது.

நான்காவது, சுற்றுகளின் தடை. உயர் வோல்ட் சுற்றின் ஒரு பாதியை மீட்டரால் அளந்து, அதோடு முதன்மைச் சுற்றின் தடையை வோல்ட் விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஓர் உதாரணம்: பாதிச் சுற்று 90 ஓம், முதன்மைச் சுற்று 30 ஓம். 325ஐ 230ஆல் வகுத்தால் 1.41, அதன் வர்க்கம் 2. ஆக 90 கூட்டல் 60, மொத்தம் 150 ஓம். ஒவ்வொரு ரெக்டிஃபையர் வால்வும் இந்தத் தடை குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தன் விவரத்தாளில் சொல்கிறது. போதவில்லை என்றால் ஒவ்வொரு ஆனோடு முனைக்கும் தொடராக 50 அல்லது 100 ஓம் மின்தடை வைத்து ஈடுகட்டலாம். பழைய சிறு டிரான்ஸ்ஃபார்மர்களில் கம்பி மெலிதாக இருப்பதால் பெரும்பாலும் தானாகவே போதுமான தடை இருக்கும். இன்றைய வட்ட வடிவ டிரான்ஸ்ஃபார்மர்களில்தான் கவனம் தேவை.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அமெரிக்காவில் செய்யப்பட்ட கருவியை 230 வோல்ட்டிலிருந்து 110 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஓட்டுபவர்கள், வோல்ட் சரியாக இருந்தாலும் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸிலிருந்து 50 ஆகிவிடுவதை மறந்துவிடுகிறார்கள். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்குப் போட்டுச் சிக்கனமாகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும். அதன் மேல் அதிகம் கேட்கும் ரெக்டிஃபையரையும் ஏற்றாதீர்கள்.

மூன்றாம் படி: வால்வுகளை அறிந்துகொள்ளுங்கள்

5ஒய்3 நேரடியாகச் சூடாகும் வால்வு. சூடேற்றும் கம்பியே எலக்ட்ரான்களை உமிழ்கிறது. இருட்டறையில் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். தகடுகளின் இடுக்கு வழியே கவிழ்த்த வி வடிவில் மெல்லிய கம்பிகள் சட்டென்று ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அதிகபட்சம் 125 மில்லிஆம்பியர் தரும். ஒரு தகட்டின் வழியாக அவ்வளவு ஓடும்போது 50 முதல் 60 வோல்ட் வரை தனக்குள்ளேயே தின்றுவிடும். சிறிய கருவிகளுக்கு அதன் சிறப்பே இந்தப் பசிதான். டிரான்ஸ்ஃபார்மர் தரும் வோல்ட்டைக் குறைத்து, 6வி6 தாங்கும் அளவுக்குக் கொண்டுவருகிறது. லியோ ஃபெண்டரின் சிறிய கருவிகளில் இந்த வால்வு இருந்ததற்கு ஒலி மந்திரம் எதுவும் தேவையில்லை. அன்று ரேடியோக்களில் எங்கும் கிடைத்த, விலை குறைந்த வால்வு அது. சுற்றின் மற்ற மதிப்புகள் எல்லாம் அதன் வோல்ட் இழப்பை எதிர்பார்த்தே அமைந்தன.

ஓர் எச்சரிக்கை. 5ஒய்3 என்ற பெயரில் இன்று விற்கப்படும் ரஷ்யத் தயாரிப்புகளில் சில, பெயருக்குத்தான் 5ஒய்3. உள்ளே இருப்பது மறைமுகமாகச் சூடாகும் வேறொரு வால்வு. வோல்ட் இழப்பு குறைவு என்பதால் பழைய 5ஒய்3 இருந்த இடத்தில் வைத்தால் 20, 30 வோல்ட் ஏறிவிடுகிறது. புதிய 5ஒய்3 தானே வாங்கினோம், ஏன் 6வி6 இவ்வளவு சூடாகிறது என்று குழம்பும் பலரின் பிரச்சினை இதுதான். அடையாளம் காண்பது எளிது: சுவிட்ச் போட்டதும் கம்பி சட்டென்று ஒளிர்ந்தால் நேரடி வகை. மெல்ல மெல்லச் சிவந்து, 10 விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டால் மறைமுக வகை.

ஜிஇசட்34, அமெரிக்கப் பெயரில் 5ஏஆர்4, மறைமுகமாகச் சூடாகும். 250 மில்லிஆம்பியர் தரும். இழப்போ 225 மில்லிஆம்பியரில் 17 வோல்ட் அளவுதான். மெதுவாகச் சூடாவதால் மற்ற வால்வுகள் விழித்த பிறகே உயர் வோல்ட் ஏறுகிறது. மின்தேக்கிகளுக்கு இது பெரிய நிம்மதி. டீலக்ஸ் ரிவர்ப், வாக்ஸ் ஏசி30 ஆகியவற்றில் பெயர் பெற்ற நல்ல வால்வு. ஆனால் 5ஒய்3க்காக வடிவமைத்த கருவியில் அதை வைத்தால் 30 முதல் 40 வோல்ட் கூடுதலாக வரும்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது 5வி4. மறைமுகச் சூடு, 2 ஆம்பியர் சூடேற்றி, 175 மில்லிஆம்பியரில் 25 வோல்ட் இழப்பு. 5ஒய்3 தரும் வோல்ட் கொஞ்சம் போதவில்லை, ஜிஇசட்34 அதிகம் என்ற நிலையில் நான் முதலில் கை நீட்டுவது இதற்குத்தான். பழைய இருப்பு வால்வுகளில் ஜிஇசட்34க்கு இருக்கும் கிராக்கி இதற்கு இல்லை என்பதும் வாங்குபவருக்கு நல்லது.

5யு4ஜிபி பெரிய கருவிகளின் வால்வு. 3 ஆம்பியர் சூடேற்றி இருந்தால் மட்டும் யோசியுங்கள். 5ஆர்4 இழப்பு அதிகமுள்ள வால்வு. விவரத்தாளின்படி அதன் முதல் மின்தேக்கி வெறும் 4 மைக்ரோஃபாரட்டோடு நிற்க வேண்டும் என்பதால் கிட்டார்க் கருவிகளுக்கு ஒத்துவராது.

ஐரோப்பிய வழியில் வந்த கருவிகளில் ஒன்பது முனைகள் கொண்ட ஈஇசட்81 இருக்கும். வாக்ஸ் ஏசி15, மார்ஷலின் 18 வாட் கருவி ஆகியவற்றில் இரண்டு ஈஎல்84 வெளியீட்டு வால்வுகளை ஊட்டியது இதுதான். 6.3 வோல்ட், 1 ஆம்பியர் சூடேற்றி, 150 மில்லிஆம்பியர் வரை தரும். அதன் தம்பி ஈஇசட்80, 0.6 ஆம்பியர் சூடேற்றியோடு 90 மில்லிஆம்பியர் தரும். வாக்ஸ் ஏசி4 போன்ற ஒற்றை ஈஎல்84 கருவிக்கு அது போதும். புதிதாக ஒரு சிறு கருவியைக் கட்டுபவர்களுக்கு நான் ஈஇசட்81ஐப் பரிந்துரைப்பேன். சூடேற்றிக்கும் கேத்தோடுக்கும் இடையே 500 வோல்ட் தாங்குவதால், மற்ற வால்வுகளுக்கான 6.3 வோல்ட் சுற்றிலேயே இதையும் இணைக்கலாம், தனியாக 5 வோல்ட் சுற்று தேவையில்லை. ஏழு முனைகள் கொண்ட 6எக்ஸ்4ஐயும் அதுபோலவே இணைக்கலாம், ஆனால் 70 மில்லிஆம்பியரோடு அதன் கதை முடிந்துவிடும். ஒற்றை 6வி6 கருவிக்குச் சரி, இரட்டைக்குப் போதாது.

நான்காம் படி: முதல் மின்தேக்கியின் எல்லை

ரெக்டிஃபையருக்கு நேர் எதிரே இருக்கும் முதல் மின்தேக்கி பெரிதாக இருந்தால் உறுமல் குறையும் என்று 100 மைக்ரோஃபாரட்டைப் போட்டு வால்வைக் கொன்றவர்கள் உண்டு. மின்தேக்கி நிரம்புவது அலையின் உச்சியில் ஒரு சிறு நேரத்தில் மட்டுமே. மின்தேக்கி பெரிதாகப் பெரிதாக அந்த நேரம் சுருங்கி, அதில் பாயும் உச்ச மின்னோட்டம் ஏறுகிறது. சராசரி 45 மில்லிஆம்பியர் ஓடும் கருவியில்கூட உச்சம் 200ஐத் தொடலாம். 5ஒய்3 வால்வின் தகடு தாங்கும் உச்சம் 400 மில்லிஆம்பியரை ஒட்டியது. சுவிட்சைப் போட்டதும் காலியான பெரிய மின்தேக்கியை நிரப்பும் முதல் கணம் இதையெல்லாம் தாண்டிவிடும்.

5ஒய்3க்கு 20 மைக்ரோஃபாரட் அளவில் நில்லுங்கள். 5யு4ஜிபிக்கு 40, ஈஇசட்81க்கு 50, ஜிஇசட்34க்கு 60.

அப்படியானால் உறுமலை என்ன செய்வது? சாம்ப் 5எஃப்1 சுற்றில் முதல் மின்தேக்கி 16 மைக்ரோஃபாரட். 45 மில்லிஆம்பியர் சுமையில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், அதன் மேல் ஏறி இறங்கும் அலை கணக்குப்படி 28 வோல்ட் வரை வரும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் அது 23 வோல்ட்தான். ஒரே கருவி இங்கே சற்று அதிகமாக உறுமுவதற்கு இதுவும் ஒரு காரணம். 6வி6 உள்தடை அதிகமுள்ள வால்வு என்பதால் இதில் பெரும்பகுதி ஒலிபெருக்கியை எட்டுவதில்லை. எட்டும் மிச்சமும் தொந்தரவு என்றால், முதல் மின்தேக்கியை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு அடுத்து 150 ஓம், 5 வாட் மின்தடையும் 47 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் கொண்ட ஒரு வடிகட்டியைச் சேர்த்து, வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரை அங்கிருந்து ஊட்டுங்கள். இழப்பு 7 வோல்ட்தான். ரெக்டிஃபையரின் சுமை அதிகரிக்காது.

ஐந்தாம் படி: மாற்றுவதற்கு முன் அளந்து எழுதுங்கள்

பழைய ரெக்டிஃபையர் இருக்கும்போதே ஐந்து அளவுகளை எடுத்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: சுவர் மின்சாரம், சூடேற்றி வோல்ட், முதல் மின்தேக்கி, வெளியீட்டு வால்வின் தகடு, அதன் கேத்தோடு. சுவர் மின்சாரத்தை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மாலையில் 225 இருக்கும் இடத்தில் நள்ளிரவில் 240 இருக்கலாம். அந்த 15 வோல்ட் வித்தியாசமே 350 வோல்ட்டை 373 ஆக்கிவிடும். பாதி ரெக்டிஃபையர் மாற்றம் அதிலேயே அடங்கிவிடுகிறது. பழைய வால்வை மாலையிலும் புதியதை இரவிலும் அளந்துவிட்டு ஒப்பிடுவதில் பயனில்லை.

சாக்கெட்டையும் பாருங்கள். 5 வோல்ட் ஆக்டல் ரெக்டிஃபையர்களில் 2, 8 ஆகிய முனைகள் சூடேற்றி, 4, 6 ஆகியவை ஆனோடுகள். உயர் வோல்ட் கம்பி 8ஆம் முனையிலிருந்துதான் புறப்பட வேண்டும். நேரடி வகையில் 2இலிருந்து எடுத்தாலும் வேலை செய்யும் என்பதால், யாரோ எப்போதோ 2இல் பற்றவைத்திருக்கக்கூடும். ஜிஇசட்34 வால்வின் கேத்தோடு 8இல் மட்டுமே இணைந்திருப்பதால், அந்தத் தவறு அப்போது சுமை முழுவதையும் சூடேற்றி வழியாக இழுக்கும். வால்வு உபயோகிக்காத முனைகளில் வேறு கம்பிகளைக் கட்டி வைத்திருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

ஆறாம் படி: கணக்கு

என் மேசையில் இருக்கும் சாம்ப் வகைக் கருவி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 5ஒய்3 இருக்கும்போது 6வி6 தகட்டில் 340 வோல்ட், கேத்தோடில் 18.5 வோல்ட். கேத்தோடு மின்தடை 470 ஓம். 18.5ஐ 470ஆல் வகுத்தால் 39.4 மில்லிஆம்பியர். அதில் வால்வுக்குள் இருக்கும் இன்னொரு முனையான திரைக்கிரிட் எடுத்துக்கொள்ளும் சுமார் 3ஐக் கழித்தால் தகட்டுக்கு 36.4. தகட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே உள்ள 321.5 வோல்ட்டோடு பெருக்கினால் 11.7 வாட். 6வி6ஜிடி வால்வின் எல்லை 12 வாட். எல்லையை ஒட்டி, ஆனால் உள்ளே இருக்கிறது.

ஜிஇசட்34ஐ வைத்தேன். தகடு 370, கேத்தோடு 20.5. அதே கணக்கில் 14.2 வாட் வருகிறது. 6வி6ஜிடிஏ வகைக்குச் சொல்லப்படும் 14 வாட்டையும் இது தாண்டிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோது தகட்டின் நடுத் தையல் ஓரமாக மங்கலான செந்நிறம் தெரிந்தது, நகக்கண்ணின் அகலம்தான் இருக்கும். உடனே அணைத்தேன். கேத்தோடு மின்தடையை 680 ஓம் ஆக்கிய பிறகு தகடு 377, கேத்தோடு 24, கணக்கு 11.4 வாட்டுக்கு இறங்கியது, செந்நிறம் போனது. ஆனாலும் 377 வோல்ட் என்பது 6வி6ஜிடிஏ விவரத்தாள் சொல்லும் 350ஐ விட அதிகம். இன்று தயாராகும் 6வி6 வால்வுகளில் சில அதைத் தாங்குகின்றன, பழைய அரிய வால்வை அங்கே வைக்க மாட்டேன்.

இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைத்தது? திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பின்பற்றும். வோல்ட் 10 சதவீதம் ஏறினால் திறன் 21 சதவீதம் ஏறும். காதுக்கு அது 0.8 டெசிபல். பக்கத்தில் நின்று கேட்பவருக்குச் சத்தம் கூடியதாகவே தெரியாது. வாசிப்பவருக்கு மட்டும் ஒன்று தெரியும்: ஒலி உடையத் தொடங்கும் இடம் சற்றுத் தள்ளிப் போகிறது, கீழ்ச்சுரங்கள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கின்றன. அந்த மாற்றம் உங்களுக்கு வேண்டுமா என்பதுதான் உண்மையான கேள்வி. எனக்கு அந்தக் கருவியில் வேண்டியிருக்கவில்லை. 5ஒய்3ஐயே திரும்ப வைத்து, 470 ஓம் மின்தடையையும் பற்றவைத்துவிட்டேன்.

ஈஎல்84 கருவிகளில் கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். தகட்டின் எல்லை 300 வோல்ட், 12 வாட். பல பழைய கருவிகள் ஏற்கெனவே அதைத் தாண்டித்தான் ஓடுகின்றன. அங்கே ஈஇசட்81ஐ எடுத்துவிட்டுச் சிலிக்கானைப் போடுவது வால்வுகளின் ஆயுளைக் கையால் பறிப்பது போன்றது.

ஏழாம் படி: சிலிக்கானை நினைப்பவர்களுக்கு

1என்4007 டயோடு எந்தத் தெருக்கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவில் கைநிறைய வாங்கி வரலாம். வால்வுக்குப் பதிலாக அதை வைப்பது தவறல்ல. ஆனால் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்.

325-0-325 சுற்றில் ஒவ்வொரு டயோடும் எதிர்த்திசையில் தாங்க வேண்டியது 325 பெருக்கல் 1.414 பெருக்கல் 2, அதாவது 919 வோல்ட். 1என்4007 தாங்கும் எல்லை 1000. சுவர் மின்சாரம் 10 சதவீதம் ஏறினாலே 1011 ஆகிவிடும். ஒரு பக்கத்துக்கு இரண்டு டயோடுகளைத் தொடராக வையுங்கள். அடுத்து, சிலிக்கான் காத்திருக்காது. மற்ற வால்வுகள் சூடாகும் முன்பே, நாம் எழுதி வைத்த அந்த 460 வோல்ட்டும் மின்தேக்கிகள் மேல் ஏறி நிற்கும். அவற்றின் மேல் 450 என்று அச்சிட்டிருந்தால் 500 வோல்ட் வகைக்கு மாற்றாமல் தொடங்காதீர்கள். மூன்றாவது, 5ஒய்3 இருந்த இடத்தில் ஓட்ட வோல்ட் 40 முதல் 60 வரை ஏறும் என்பதால், டயோடுகளுக்குப் பின்னால் தடை வைத்து அதைத் திரும்ப இறக்க வேண்டும். 45 மில்லிஆம்பியர் ஓடும் கருவியில் 1 கிலோ ஓம், 10 வாட் மின்தடை 45 வோல்ட்டைக் குறைக்கும்.

நான் விரும்புவது வேறு ஓர் ஏற்பாடு. ரெக்டிஃபையர் வால்வை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு ஆனோடுக்கும் முன்னால் தொடராக 1என்4007 டயோடுகளைச் சேர்ப்பது. ஒலியிலும் வோல்ட்டிலும் மாற்றம் தெரியாது. என்றாவது வால்வு உள்ளே குறுக்குச்சுற்றானால் மாறுதிசை மின்சாரம் மின்தேக்கிக்குள் பாயாமல் டயோடு தடுத்து, டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பாற்றும். சில ரூபாய்ச் செலவில் கிடைக்கும் காப்பீடு இது.

எட்டாம் படி: வைத்துப் பார்த்தல்

சீரிஸ் பல்பு வழியாக முதல் முறை ஏற்றுங்கள். பல்பு ஒருமுறை ஒளிர்ந்து மங்கினால் நல்லது. பிறகு நேரடியாக இணைத்து, சூடேற்றி 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருப்பதைப் பாருங்கள், மற்ற அளவுகளை எடுத்து, வாட் கணக்கைப் போடுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு, டிரான்ஸ்ஃபார்மரின் உச்சியில் உள்ளங்கையை வையுங்கள். ஐந்து விநாடி வைக்க முடிய வேண்டும்.

காத்திருப்புச் சுவிட்ச் ரெக்டிஃபையருக்கும் முதல் மின்தேக்கிக்கும் நடுவில் இருந்தால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. சூடான ஜிஇசட்34 முன்னால் காலியான மின்தேக்கியைச் சட்டென்று இணைத்தால் உள்ளே பொறி பறக்கும். மெதுவாக ஏறும் வால்வு இருக்கும்போது அந்தச் சுவிட்சுக்கு வேலையும் இல்லை.

கேட்கும்போது ஒரே கிட்டார், ஒரே கேபிள், ஒலியளவுத் திருகு ஒரே இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்தமான ஒலியில் கேட்டால் வித்தியாசம் தெரியாது. ஒலி உடையத் தொடங்கும் இடத்தில் திருகை நிறுத்தி, தடித்த ஈ கம்பியைத் திறந்த நிலையில் ஒருமுறை பலமாக மீட்டி, அது அடங்கும் வரை கேளுங்கள். பிறகு அதே கம்பியை விரல்நுனியால் மெல்ல. ஒரே நாளில் முடிவு செய்யாமல், ஒரு வாரம் ஒரு வால்வோடு வாசித்துவிட்டு மாற்றுங்கள்.

தேர்ந்தெடுத்த வால்வின் பெயர், கேத்தோடு மின்தடை, தகட்டு வோல்ட், அன்றைய சுவர் மின்சாரம், தேதி ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்து அந்தப் பின்பலகையைத் திறப்பவர் யாராக இருந்தாலும், எங்கிருந்து அளக்கத் தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.